கழட்டி முத்தலிப்பும் காணாமற்போன வளையமும்

கல்முனைப் பிரதான வீதியில், சந்தைக்குப் போகிற வழியில், ‘நூர் ஸ்டூடியோ’ என்று ஒரு படக்கடை இருந்தது. அதன் சொந்தக்காரர் முத்தலிப். அவரைப் படக்காரர் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ‘கழட்டி முத்தலிப்’ என்றால்தான் ஊருக்குத் தெரியும். திருகாணி போட்டு இறுக்கிய எதைக் கண்டாலும் அந்த மனிதருக்குக் கை துறுதுறுக்கும். சைக்கிள், றேடியோ, தையல் மிஷின், தண்ணீர்ப் பம்பு என்று எதையும் விட்டுவைக்கமாட்டார்.

கழற்றுவதில் அவர் சூரர். பூட்டுவதும் கவனமாகத்தான் பூட்டுவார். ஆனால், பூட்டி முடித்துக் கையைத் துடைக்கும்போது பாயில் ஏதாவது ஒன்று மிஞ்சிக் கிடக்கும். மாமனாரின் சுவர்மணிக்கூட்டில் ஒரு பல்லுச்சக்கரம் மிஞ்சியது. அதன்பிறகு அந்த மணிக்கூடு நண்பகல் லுஹர் தொழுகை நேரத்துக்குப் பதின்மூன்று அடித்தது. “மிஞ்சினது தேவையில்லாத சாமான். கொம்பனிக்காரன் தெரியாமப் போட்டுட்டான்” என்பதுதான் முத்தலிப்பின் ஒரே விளக்கம். மனைவி ஸம்ஸியா அதற்குப் பதில் சொல்வதை விட்டுப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

அவர் கைவைக்காத ஒரே பொருள் ஸ்டூடியோவின் பெரிய கமறா. தேக்குப் பெட்டி, ஆர்மோனியத் துருத்தி போல மடிந்து விரிகிற கறுப்புத் தோல், மூன்று தடித்த கால்கள். நெகட்டிவ் பள்ளிக்கூடச் சிலேட்டின் அளவு இருக்கும். பின்பக்கத்து மங்கல் கண்ணாடியில் உருவம் தலைகீழாக விழும். முத்தலிப் கறுப்புச் சீலைக்குள் தலையை விட்டு அதைப் பார்த்துத்தான் தெளிவு பிடிப்பார். முன்னுக்கு ஒரு பித்தளைக் குழாய். அதன் இரண்டு வாயிலும் இரண்டு கண்ணாடிக் கட்டுகள் திருகி இறுக்கப்பட்டிருந்தன. இதுதான் லென்ஸ். மூடியைக் கழற்றி “ஒண்டு, ரெண்டு” என்று எண்ணி மறுபடி மூடினால் படம் விழுந்துவிடும்.

எழுபத்தெட்டாம் ஆண்டு நவம்பரில் வந்த சூறாவளி ஸ்டூடியோவின் கூரைத் தகரங்களைக் கொண்டுபோனது. முத்தலிப் கமறாவைக் கட்டிலுக்குக் கீழே தள்ளி, அதன்மேல் ஒரு பாயையும் போட்டு, கடைசியில் தானும் படுத்துக் காப்பாற்றினார். ஆனாலும் ஈரம் உள்ளே போய்விட்டது. அடுத்த பெப்ரவரியில் பார்த்தால், லென்ஸின் உட்பக்கத்தில் சிலந்தி வலை போலப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

வெளியில் கவலைப்பட்டாலும் உள்ளுக்குள் அவருக்குப் பெருநாள்தான். பாயை விரித்தார். அதன்மேல் வெள்ளைச் சாறனை விரித்தார். திருப்புளியை எடுத்தார்.

“அதையும் கழட்டப் போறீங்களா?” என்றாள் ஸம்ஸியா. “காத்து கழட்டினதப் பூட்டவே நமக்கு மூணு மாசம் போச்சி.”

“இது கழட்டல் இல்ல கா. துடைக்கிறது.”

துடைத்தார். ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து, எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று பென்சிலால் அடையாளம் வைத்துத் துடைத்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் எல்லாவற்றையும் பூட்டி முடித்தார். சாறனைப் பார்த்தார். அதை எடுத்து யன்னலுக்கு வெளியே உதறினார். பாயைத் தூக்கிப் பார்த்தார்.

“ஸம்ஸியா! ஓடி வா கா! ஒண்டும் மிஞ்சல்ல!”

ஸம்ஸியா குசினியிலிருந்து ஓடி வந்தாள். பாயைப் பார்த்தாள், சாறனைப் பார்த்தாள், கணவனின் மலர்ந்த முகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“ஒண்டுமே மிஞ்சல்லயா? அப்ப என்னமோ குறையிது.”

அவள் சொன்னது சரி. முன் கண்ணாடிக் கட்டுக்கும் குழாய்க்கும் இடையில் ஒரு பித்தளை வளையம் இருந்தது. நகத்தைப்போல மெல்லியது. கழற்றும்போது அது சாறனில் விழுந்திருக்க வேண்டும். சாறனை உதறியபோது யன்னலால் போயிருக்க வேண்டும். யன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுத் தாராக்கள் மேய்ந்துகொண்டிருந்தன. அவை எதையும் விழுங்கக் கூடியவை. வளையம் கடைசிவரைக்கும் கிடைக்கவேயில்லை. இப்படி ஒன்று இருந்ததே முத்தலிப்புக்கு அப்போது தெரியாது.

மறுநாள் மங்கல் கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெளிவுக்கு வரவில்லை. துருத்தியை முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார். எங்கே நிறுத்தினாலும் உருவத்தைச் சுற்றி ஒரு புகை. லென்ஸைச் சந்தேகிக்க அவருக்கு மனம் வரவில்லை. அவர் கழற்றிப் பூட்டி ஒன்றும் மிஞ்சாத முதல் சாமான் அல்லவா? ஆகவே தன் கண்ணைச் சந்தேகித்தார். கண் டொக்டரிடம் போய் மூக்குக்கண்ணாடி வாங்கி வந்தார். அதைப் போட்டுக்கொண்டு சீலைக்குள் தலையை விட்டார். புகை இப்போது மிகத் தெளிவாகத் தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து றாபியா ரீச்சர் வந்தார். ரீச்சர் வீதியில் வந்தால் பிள்ளைகள் மட்டுமல்ல, பிள்ளைகளின் வாப்பாமாரும் ஒழுங்கைக்குள் ஒதுங்குவார்கள். அவர் பாடசாலை மலருக்குப் படம் எடுக்க வந்திருந்தார். முடியாது என்று சொல்ல முத்தலிப்புக்குத் தைரியம் வரவில்லை. எடுத்தார். கழுவிப் பார்த்தார். ரீச்சரின் நெற்றிச் சுருக்கம், கண்ணுக்குக் கீழே இருந்த கருமை, வாயோரத்துக் கோபம் எல்லாம் கரைந்துபோயிருந்தன. முகத்தைச் சுற்றி நிலாவைச் சுற்றிய ஊர்கோள் போல ஒரு வெளிச்சம்.

மூன்றாம் நாள் ரீச்சர் வந்து படத்தைக் கையில் எடுத்தார். கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார். முத்தலிப் பின்கதவு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“முத்தலிப்” என்றார் ரீச்சர். “இருவத்தஞ்சி வருசமாப் படத்துக்கு நிண்டிருக்கன். இண்டைக்குத்தான் ஒரு ஆள் என்ன ஒழுங்கா எடுத்திருக்காரு.”

அதோடு ஊர் கிளம்பிவிட்டது. சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் காரைதீவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பெண்கள் மட்டுமல்ல, மீசைக்காரர்களும் வந்தார்கள். ‘நிலாப் படம்’ என்று அதற்கொரு பெயரும் விழுந்தது. முத்தலிப் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். பிழை ஒரு தொழிலாகும்போது அதைத் திருத்துகிறவன் மடையன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வினை எதிர்க்கடையிலிருந்து வந்தது.

எதிரே புடவைக்கடை வைத்திருந்த காலிதீனுக்கு நாற்பத்துமூன்று வயது. மனைவி மௌத்தாகி ஐந்து வருடம். மறுமணத்துக்குப் பெண் பார்க்கத் தரகர் அபுல் ஹஸனைப் பிடித்திருந்தார். தரகர் கேட்டபடி நூர் ஸ்டூடியோவில் நிலாப் படம் ஒன்றும் எடுத்துக்கொண்டார். அதில் காலிதீன் இருபத்தைந்து வயதுப் பொடியனாக, பெரிய மீசையின் நரை ஒன்றும் தெரியாமல், கனவு கண்டுகொண்டிருந்தார். படம் நிந்தவூரில் ஒரு வீட்டுக்குப் போனது. வீட்டாருக்கு மிகவும் பிடித்துப்போய், ஆளைக் கூட்டிவரச் சொன்னார்கள்.

காலிதீன் அத்தர் பூசிக்கொண்டு போனார். பெண்ணின் வாப்பா வாசலுக்கு வந்து சலாம் சொல்லி, கையைப் பிடித்து உட்கார வைத்தார். பிறகு அவருக்குப் பின்னால் வீதியை எட்டிப் பார்த்தார்.

“மாப்புள பின்னால வாறாரா? நீங்க மாப்புளட வாப்பாவா, பெரியப்பாவா?”

அபுல் ஹஸன் கூரையைப் பார்த்தார். காலிதீன் முன்னால் இனிப்பான வட்டிலப்பம் வந்துவிட்டது. அவர் ஒரு கணம்தான் யோசித்தார்.

“பெரியப்பா” என்றார். வட்டிலப்பத்தைச் சாப்பிட்டார். மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தார். அன்றிலிருந்து அவர் முத்தலிப்போடு கதைக்கவில்லை. கடை வாசலில் நின்று ஸ்டூடியோவை முறைப்பது மட்டும்தான்.

அடுத்தது வட்டவிதானை சரீப். வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீரை முறைப்படி பிரித்துவிடுகிற வட்டவிதானை என்றால் விவசாயிகளுக்குள் பெரிய மதிப்பு. அவரை நடுவில் வைத்து நாற்பது விவசாயிகள் ஒரு குழுப்படம் எடுக்க விரும்பினார்கள். முத்தலிப் கமறாவைக் கொண்டுபோய் வயல்கரையில் நிறுத்தி, எல்லாரையும் நேர் வரிசையில் நிற்கவைத்துப் பார்த்தார். நடுவில் நின்றவர்கள் ஓரளவு தெரிந்தார்கள். ஓரங்கள் முழுப் புகை. ஓரத்துக்குத் தெளிவு பிடித்தால் நடு ஆட்கள் ஆவியாகினார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, முத்தலிப்புக்கு மூளை இருந்தது. ஓரத்தில் நிற்கிறவர்களை ஒவ்வொரு அடியாக முன்னே வரச் சொன்னார். வரவரத் தெளிந்தார்கள். கடைசியில் நாற்பது பேரும் பிறை வடிவத்தில் கமறாவைச் சுற்றி வளைத்து நின்றார்கள். படம் எடுத்தாயிற்று. முகங்கள் எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தன. ஆனால் கிட்டத்தில் நின்றவர்கள் பெரிதாகவும், தூரத்தில் இருந்தவர்கள் சிறிதாகவும் விழுந்திருந்தார்கள்.

சரீப் படத்தைக் கையில் பிடித்தபடி ஸ்டூடியோவுக்குள் வந்தார்.

“இந்த நடுவில கதிரையில இரிக்கிற சின்னப் பொடியன் ஆரு?”

“நீங்கதான் வட்டவிதானை.”

“சரி. இந்த ஓரத்தில நிக்கிற பூதம் ஆரு?”

முத்தலிப் குனிந்து பார்த்தார். அது வீரமுனைச் சீனித்தம்பி. தண்ணீர் முறை பிழை என்று வட்டவிதானைக்கு எதிராக மூன்று முறை பெட்டிஷன் போட்டவர்.

“சீனித்தம்பி இந்தப் படத்த அவர்ர வீட்டு வாசல்ல மாட்டியிருக்காரு. போறவாற எல்லாருக்கும் காட்டுறாராம்” என்றார் சரீப். “உங்கட கமறாவத் திருத்துங்க. இல்லாட்டி அத எங்கட வாய்க்கால்ல போடுவன்.”

அன்று முத்தலிப்புக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் லென்ஸைச் சாறனில் சுற்றி எடுத்துக்கொண்டு, சந்தைக்குப் பின்புறம் தங்க வேலை செய்த பாண்டிருப்பு அழகரெத்தினத்திடம் போனார். இருவரும் ஒரு வயதுக்காரர். சின்ன வயதிலிருந்து மச்சான் முறை வைத்துக் கதைக்கிறவர்கள். அழகரெத்தினம் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு முன் கட்டைக் கழற்றிப் பார்த்தார்.

“மச்சான், இந்தப் பித்தளை எல்லா இடமும் கறுத்துப்போய்க் கிடக்கு. இந்த விளிம்பில மட்டும் ஒரு வட்டம் பவுண் மாதிரி மினுங்குது. பார்.”

“அதுக்கு?”

“இதில ஒரு வளையம் குந்தியிருந்திருக்கு. காத்துப் படாத இடம், அதான் கறுக்கல்ல. வளையத்த என்ன செஞ்சாய்?”

முத்தலிப் பக்கத்திலிருந்த வாங்கில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் மிஞ்சவில்லை என்று அவர் துள்ளிக் குதித்த நாள் நினைவுக்கு வந்தது.

“ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில எவ்வளவு இடைவெளி விடணுமெண்டு செஞ்சவன் கணக்குப் பாத்துத்தான் விட்டிருப்பான்” என்றார் அழகரெத்தினம். “வளையம் போனதும் முன்கட்டு உள்ளுக்கு இறங்கிட்டு. வளையம் நான் அடிச்சுத் தாறன். அது பெரிய வேலையில்ல. தடிப்பு எவ்வளவு எண்டு சொல்லு.”

தடிப்பு யாருக்குத் தெரியும்? இருவரும் லென்ஸைத் தூக்கிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். கமறாவில் பூட்டி, அதையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். தேத்தண்ணி கொண்டுவந்த ஸம்ஸியா கொஞ்ச நேரம் நின்று கேட்டாள்.

“தடிப்பு எனக்குத் தெரியா” என்றாள். “ஆனா இந்த முன்பக்கத்து இங்கிலீசு எழுத்து முந்தி நேராத்தான் இருந்திச்சி. வெள்ளிக்கு வெள்ளி துடைக்கிறது நான்தானே. இப்ப கிறுகிக் கிடக்கு, கழுத்துச் சுளுக்கின ஆள் மாதிரி.”

இரண்டு ஆண்களும் எழுத்தைப் பார்த்தார்கள். கண்ணாடியைச் சுற்றிப் பொறித்திருந்த கொம்பனிப் பெயர் உண்மையிலேயே கால் சுற்றுத் திரும்பிக் கிடந்தது. வளையம் இல்லாததால் முன்கட்டு கால் சுற்றுக் கூடுதலாக உள்ளே திருகிப் போயிருக்கிறது. அப்படியென்றால் எழுத்து நேரே வரும்வரைக்கும் வெளியே திருகினால், விளிம்புக்கும் குழாய்க்கும் நடுவில் விடுபடுகிற இடைவெளிதான் வளையத்தின் தடிப்பு.

“மச்சான்” என்றார் அழகரெத்தினம். “நீ கடையில இரிக்கிறதுக்குப் பதிலா இவ இருந்திருக்கலாம்.”

இனி அந்த இடைவெளியை அளக்க வேண்டும். கடுதாசியில் வளையம் வெட்டிப் போட்டார்கள். இறுக்கினால் கடுதாசி நசிந்தது. சிகரட் பெட்டிக்குள் இருக்கிற ஈயத்தாள்தான் நசியாமல் நின்றது. முத்தலிப் சிகரட் தொடாதவர். அழகரெத்தினம் ஆராய்ச்சிக்காக என்று சொல்லி இரண்டு நாளில் ஏழு பெட்டி முடித்து, இருமல் வாங்கிக்கொண்டார். தாள் வளையங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, ஒவ்வொரு தடவையும் தூரத்தில் எதையாவது பார்த்துத் தெளிவு சோதிக்க வேண்டியிருந்தது. ஸ்டூடியோக் கதவைத் திறந்தால் நேரெதிரே இருந்தது காலிதீனின் கடை. அதன் பெயர்ப்பலகை மங்கல் கண்ணாடியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரைக்கும் சரியாக நிறைந்தது. நடுவையும் ஓரத்தையும் ஒரே பார்வையில் சோதிக்க அதைவிட நல்ல பொருள் கிடையாது.

மூன்று நாளாகப் பெரிய கமறா ஒன்று தன் கடையையே குறிவைத்து நிற்பதையும், கறுப்புச் சீலைக்குள் இரண்டு ஆண்கள் மாறி மாறித் தலையை விடுவதையும் காலிதீன் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. வாசலுக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு, பெயர்ப்பலகைக்கு நேர் கீழே நின்று கத்தினார்.

“என்னடா பாக்கிறீங்க? பொம்புளயள் கடைக்குள்ள வரப் பயப்படுறாங்க! அல்லாஹ்க்காக நிப்பாட்டுங்க!”

“அசையாம நில்லுங்க!” என்று சீலைக்குள்ளிருந்து முத்தலிப் கத்தினார். “அஞ்சு தாள்! மீசை புகையாத்தான் இரிக்கி. இன்னொண்டு போடு!”

“ஆறு!” என்றார் அழகரெத்தினம்.

“மீசை பிரியிது! பலகையில முதல் எழுத்துத் தெரியிது, கடைசி எழுத்து இன்னும் கொஞ்சம் கிடக்கு. போடு!”

“ஏழு!”

“கூடிப் போச்சி! திரும்பப் புகையிது!”

“ஆரட மீசையடா புகையிது?” என்றார் காலிதீன். ஆனாலும் அசையாமல்தான் நின்றார். வீதியில் கூட்டம் கூடிவிட்டதால் அவரால் உள்ளே போகவும் முடியவில்லை.

ஆறு தாள் காணாது, ஏழு கூடுதல். அழகரெத்தினம் பித்தளைத் தகட்டில் வளையம் வெட்டி, ஆறு தாளுக்கும் ஏழுக்கும் நடுவில் வரும்படி அரத்தால் ராவினார். ராவுவது, பூட்டுவது, எழுத்து நேராக வருகிறதா என்று பார்ப்பது, கழற்றுவது, மறுபடி ராவுவது. கழற்றுவதை மட்டும் முத்தலிப் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அஸருக்கு முன் எழுத்து நேரே வந்து நின்றது. முத்தலிப் சீலைக்குள் தலையை விட்டார். வெகுநேரம் வெளியே எடுக்கவில்லை.

“என்ன?” என்றார் அழகரெத்தினம்.

“மீசை மயிர் ஒவ்வொண்டாத் தெரியிது மச்சான். பலகையில முதல் எழுத்தும் தெரியிது, கடைசி எழுத்தும் தெரியிது. ஓரத்தில குந்தியிருக்கிற காகத்திட கண்ணும் தெரியிது.” கூட்டம் கைதட்டியது. காலிதீனும் எதற்கென்று தெரியாமல் தட்டினார். முத்தலிப் மூடியைக் கழற்றி அப்படியே ஒரு படமும் எடுத்துக்கொண்டார்.

வட்டவிதானைக்குக் குழுப்படம் மறுபடி எடுக்கப்பட்டது. இந்த முறை நேர் வரிசை. சரீப்பும் சீனித்தம்பியும் ஒரே அளவு. சீனித்தம்பிக்குத்தான் பெரிய கவலை. அவர் பழைய படத்தையே வாசலில் வைத்திருந்தார்.

எல்லாம் முடிந்தது என்று முத்தலிப் நினைத்தார். றாபியா ரீச்சர் இன்னொரு படத்துக்கு வந்தார். எடுத்துக் கொடுத்தார். ரீச்சர் பார்த்தார். படத்திலிருந்தும் ரீச்சர் அவரைப் பார்த்தார்.

“முத்தலிப், உங்கட கமறா பழுதாப் போச்சி. முந்தி மாதிரித் திருத்தி வைங்க.”

அவர் மட்டுமா? பத்துப் பேரில் ஏழு பேர் அதையே சொன்னார்கள். முத்தலிப் யோசித்தார். முன்கட்டை வெளியே கால் சுற்றுத் தளர்த்திப் பார்த்தார். புகை வந்தது. இறுக்கினார். போய்விட்டது. அன்றிலிருந்து கதிரையில் வந்து உட்காரும் ஒவ்வொருவரிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி, “உள்ளபடியா, ஆசைப்படியா?” என்பதுதான். அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் உள்ளபடி. மற்றதெல்லாம் அவரவர் விருப்பம். கேள்வியைக் கேட்டதும் பெண்கள் உடனே பதில் சொல்வார்கள். ஆண்கள் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மெதுவாக, “ஆசைப்படி” என்பார்கள்.

காலிதீனின் கடைவாசல் படத்தைத் தரகர் அபுல் ஹஸன்தான் ஸ்டூடியோவில் கண்டு எடுத்துப் போனார். கையைக் கட்டிக்கொண்டு, வாய் திறந்தபடி, மீசை சிலிர்த்து நிற்கும் அந்தப் படம் மாளிகைக்காட்டில் நதீராவுக்குக் காட்டப்பட்டது. நதீரா ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவள். துளி துளியாக அளந்து பழகியவள். அவளும் ஒருமுறை கலியாணம் முடித்து விதவையானவள்தான். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“மீசையில பதினேழு நரை” என்றாள். “ஏன் கத்துறாரு?”

“படம் எடுக்க வேணாமெண்டு” என்றார் தரகர்.

“அப்ப வரச் சொல்லுங்க. கலியாணத்துக்குக் காட்டுற படத்தில இப்பிடி நிக்கிற ஆள் பொய் சொல்லமாட்டாரு.”

பெரியப்பா கதை அவள் காதுக்கு அப்போது எட்டியிருக்கவில்லை. எட்டியபோது சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது என்று சொல்வார்கள்.

எண்பதாம் ஆண்டு ஹஜ் பெருநாள் கழிந்து நிக்காஹ் நடந்தது. அடுத்த நாள் மாப்பிள்ளையும் பெண்ணும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். காலிதீன் முத்தலிப்போடு பேசத் தொடங்கியிருந்தார். நதீரா கதிரையில் இருந்தாள். அவர் பக்கத்தில் நின்று அவள் தோளில் கை வைத்தார்.

“உள்ளபடியா, ஆசைப்படியா?” என்றார் முத்தலிப்.

“அவருக்கு உள்ளபடி” என்றாள் நதீரா. “எனக்கு ஆசைப்படி.”

“ஒரே படத்திலயா?”

“ஓம். ஏலாதா?”

ஏலாது என்று முத்தலிப் தன் வாழ்நாளில் சொன்னதில்லை. மங்கல் கண்ணாடிக்கு முன்னால் கறுப்பு மட்டை ஒன்றைச் செருகிப் பாதியை மறைத்தார். லென்ஸை இறுக்கி மாப்பிள்ளையை எடுத்தார். “மூச்சு விடாதீங்க, அசையாதீங்க” என்று சொல்லிக்கொண்டே மட்டையை மற்றப் பாதிக்கு மாற்றி, முன்கட்டைக் கால் சுற்றுத் தளர்த்திப் பெண்ணை எடுத்தார். காலிதீன் மூச்சுப் பிடித்து முகம் சிவந்துவிட்டார்.

படம் பிழையில்லாமல் வந்தது. ஒரு பக்கம் பதினேழு நரையும் தெரிய மாப்பிள்ளை. மறுபக்கம் நிலா வெளிச்சத்தில் பெண். நடுவில்தான் ஒரு சங்கடம். காலிதீனின் கை முழங்கைவரைக்கும் உள்ளபடி இருந்தது. அதற்கப்பால் ஆசைப்படி கரைந்து, பெண்ணின் தோளில் புகையாக இறங்கியிருந்தது. நதீரா அதைச் சட்டம் போட்டு விறாந்தையில் மாட்டினாள். வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், மாப்புளட கை ஏன் இப்படிக் கரையுது என்று.

“என்னத் தொட்டா அப்பிடித்தான்” என்றாள் அவள்.

அடுத்த கிழமையே நான்கு புதுத் தம்பதிகள் அதே போல வேண்டுமென்று ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றார்கள். ஒவ்வொரு சோடிக்கும் முத்தலிப் அரைநாள் மெனக்கெட்டார். ஐந்தாவது சோடியில் மாப்பிள்ளை மூச்சுப் பிடித்து மயங்கி விழுந்தார். அதன்பிறகு கதவுக்கு மேலே ஒரு பலகை தொங்கியது. ஸம்ஸியாவின் கையெழுத்து, எழுத்தெல்லாம் நல்ல நேர்: ‘கை கரையும் படம் இங்கு எடுக்கப்படமாட்டாது.’